மேலே ஃபர்லோ, கீழே ஆளெடுப்பு: அமெரிக்க ரீஜனல் ஏர்லைனில் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு வந்த ஃபர்லோ கடிதத்தில் மூன்றே பத்திகள். முதலாவதில் வருத்தம், இரண்டாவதில் தேதி, மூன்றாவதில் அடையாள அட்டையையும் டேப்லெட்டையும் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரம். 2020 அக்டோபர் அது. அதே வாரம், முன்பு என்னிடம் பறக்கக் கற்ற ஒரு பையன் போன் செய்தான். "அண்ணா, ரீஜனலுக்கு இப்பவே அப்ளை பண்ணலாமா, இல்ல ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கலாமா?" வேலை போன ஆளிடம் வேலைக்கு யோசனை கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்விதான். "இப்பவே தயாராகு, கதவு திறந்த அன்று உள்ளே இரு. ஆனால் எந்தக் கதவு என்று பார்த்து நுழை" என்றேன். 2021 கோடையில் அவன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். ரெண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று காத்திருந்த அவன் நண்பர்கள் இன்றும் அவனுக்குக் கீழேதான் பட்டியலில் நிற்கிறார்கள்.

அன்று போனில் சொன்னதை விரிவாக எழுதினால் இப்படி வரும். மேஜர் என்றால் அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் போன்ற பெரிய ஏர்லைன். ரீஜனல் என்றால் அவற்றுக்காகச் சின்ன விமானங்களை ஓட்டும் கம்பெனி.

ஃபர்லோ யாரைத் தொடும்

ஃபர்லோ என்றால் வேலைநீக்கம் அல்ல, சம்பளமில்லாத பணிநிறுத்தம். சீனியாரிட்டி பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். கம்பெனிக்கு மறுபடி ஆள் தேவைப்பட்டால் ரிகால் வரும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார். திரும்பக் கூப்பிடும்போது வெளியே இருப்பவர்களில் மூத்தவர் முதலில் உள்ளே வருவார். நீங்கள் எவ்வளவு நன்றாக இறக்குகிறீர்கள், பயணிகள் எத்தனை பாராட்டுக் கடிதம் எழுதினார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஆகவே ஒரு விமானிக்குச் சொத்து என்று இருப்பது ஒரு தேதிதான்: வகுப்பு தொடங்கிய நாள். பேஸ் (பணி தொடங்கும் ஊர்), விமானம், லீவு, கேப்டன் பதவி, ஃபர்லோ எல்லாமே அந்தத் தேதியைப் பார்த்துத்தான் முடிவாகும். ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் பல இடங்களில் வயதில் மூத்தவருக்கு முதல் எண். சில இடங்களில் குலுக்கல். அந்த ஒரு எண் வித்தியாசத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய், பக்கத்து நாற்காலிக்காரர் வேலையில் தங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

மந்தகாலத்தில் வேலை தேடும்போது எவ்வளவு போனஸ் என்பதை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் சேர்ந்த பிறகு எனக்குக் கீழே எத்தனை பேர் வருவார்கள்?" கீழே ஐம்பது பேர் வந்துவிட்டால் அடுத்த ஐம்பது ஃபர்லோ உங்களுடையது இல்லை.

முதல் படி: இது எந்த வகை மந்தம் என்று பாருங்கள்

மேஜர் ஏர்லைன்கள் ஃபர்லோ செய்தால் ரீஜனல்களிலும் கதவு மூடிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. கடந்த கால் நூற்றாண்டில் அது ஒரே மாதிரி நடக்கவில்லை.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பெரிய ஏர்லைன்கள் ஆயிரக்கணக்கில் விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. அதே காலத்தில் ரீஜனல்கள் 50 இருக்கை ஜெட்களை வாங்கிக் குவித்து ஆளெடுத்தன. பெரிய விமானம் பறந்த தடத்தில் சின்ன விமானம் வந்தது. மேலே வேலை இழந்தவர்கள் கீழே இறங்கியும் வந்தார்கள். யுஎஸ் ஏர்வேஸ் ஃபர்லோ செய்த விமானிகளுக்கு அதன் துணை ரீஜனல்களில் புதிய ஜெட்களில் இடம் ஒதுக்க 'ஜெட்ஸ் ஃபார் ஜாப்ஸ்' என்று ஒரு ஏற்பாடே இருந்தது. அமெரிக்கனிலிருந்து ஃபர்லோ ஆனவர்கள் 1997-ல் போட்ட ஒப்பந்தப்படி அமெரிக்கன் ஈகிளில் கேப்டன் இருக்கைக்கே இறங்கினார்கள். அங்கே வரிசையில் நின்றிருந்த இளையவர்களுக்கு அது கசந்தது.

2008 வேறு கதை. எரிபொருள் விலை, பொருளாதாரச் சரிவு இரண்டும் சேர்ந்தன. அதற்குச் சற்று முன், 2007 டிசம்பரில், ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆகியிருந்தது. மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்து ஆண்டு நகரவில்லை என்பதால் கீழே எல்லாம் உறைந்துபோனது. யுனைடெட் மட்டும் 1,437 விமானிகளை ஃபர்லோ செய்தது. ரீஜனல்களும் செய்தன.

2020-ல் மூன்று ரீஜனல்கள் அடியோடு மூடின. ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸும் காம்பஸும், செப்டம்பர் 30 அன்று எக்ஸ்பிரஸ்ஜெட்டும் போயின. மறுநாள் அக்டோபர் 1, அரசின் சம்பள உதவிக்கான நிபந்தனை முடிந்த முதல் நாள். அன்று அமெரிக்கன் தன் ஊழியர்களில் சுமார் 19,000 பேரை நிறுத்தியது. ஆனால் இரண்டே ஆண்டில், 2022 ஜூனில், அதே அமெரிக்கனின் சொந்த ரீஜனல்களான என்வாய், பீட்மாண்ட், பிஎஸ்ஏ மூன்றும் புதிய ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு (துணை விமானிக்கு) மணிக்கு 90 டாலர் தருகிறோம் என்று விளம்பரம் செய்தன.

2024-க்குப் பிறகு இன்னொரு மாதிரி. ஸ்பிரிட் 2024 செப்டம்பரில் 186 பேரையும், 2025 ஜனவரி இறுதியில் சுமார் 330 பேரையும் ஃபர்லோ செய்தது. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் திவால் நெருக்கடி, துறை முழுவதும் சாய்ந்த கதையல்ல. அந்த நேரத்தில் ரீஜனல்களில் புதிய ஃபர்ஸ்ட் ஆபீசர் வரிசை நீண்டிருந்தது, கேப்டனுக்குத்தான் பஞ்சம். இதன் காரணம் பின்னால் வருகிறது. உங்கள் பேரம் அதில்தான் இருக்கிறது.

செய்தியில் 'ஃபர்லோ' என்ற சொல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை மூன்று. பயணிகள் குறைந்துவிட்டார்களா, அல்லது ஒரு கம்பெனிக்கு மட்டும் காய்ச்சலா? மேஜர் தன் தடங்களைக் கைவிடுகிறதா, சின்ன விமானத்துக்கு மாற்றுகிறதா? ஓய்வு பெறுகிறவர்களின் ஓட்டம் நின்றுவிட்டதா? 65 வயது விதி இன்னும் நிற்கிறது. 67 ஆக்கும் முயற்சி 2024-ல் நிறைவேறிய எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) சட்டத்தில் இடம்பெறவில்லை. எனவே மேலே காலியாவது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: கம்பெனியை எடைபோடுங்கள்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதலில் அழைத்த கம்பெனிக்கு ஓடிவிடுகிறார்கள்.

ரீஜனல் ஏர்லைன் பெரும்பாலும் தன் டிக்கெட்டைத் தானே விற்பதில்லை. மேஜரின் பெயரை வாலில் பூசிக்கொண்டு, பறக்கும் மணிக்கும் புறப்பாட்டுக்கும் இவ்வளவு என்று மேஜரிடமிருந்து வாங்குகிறது. எரிபொருள் செலவு பெரும்பாலும் மேஜர் தலையில். அதனால் ரீஜனலின் உயிர் பயணிகளிடம் இல்லை, அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ்ஜெட் மூடியது எப்படி? யுனைடெட் தன் 50 இருக்கை எம்ப்ரேயர் வேலை முழுவதையும் காம்யூட்ஏருக்குக் கொடுக்க முடிவு செய்தது. எக்ஸ்பிரஸ்ஜெட்டுக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை. அங்கே இருபது ஆண்டு சீனியாரிட்டி வைத்திருந்தவர்களும் வேறு இடத்தில் கடைசி எண்ணிலிருந்து தொடங்கினார்கள். எக்ஸ்பிரஸ்ஜெட்டில் நடந்தது ஃபர்லோ அல்ல. ஃபர்லோவில் எண் மிஞ்சும், கம்பெனியே போய்விட்டால் எண்ணும் போய்விடும்.

எனவே எத்தனை மேஜர்களுக்குப் பறக்கிறது என்று பாருங்கள். ஸ்கைவெஸ்ட் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா நான்குக்கும் பறக்கிறது. ரிபப்ளிக் மூன்றுக்கு. எண்டெவர் டெல்டாவின் சொந்தப் பிள்ளை, ஹொரைசன் அலாஸ்காவின் குழுமத்தில். சொந்தப் பிள்ளை என்றால் கைவிட மாட்டார்கள் என்று சொல்வார்கள். டெல்டாவுக்கு முழுச் சொந்தமாக இருந்த காம்ஏரை டெல்டாவே 2012 செப்டம்பரில் மூடியது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அடுத்து விமானம். மேஜர் விமானிகளின் யூனியன் ஒப்பந்தத்தில் 'ஸ்கோப்' என்ற பிரிவு இருக்கிறது. ரீஜனல் பறக்கக்கூடிய விமானத்தின் அளவை அது கட்டுகிறது: 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. எம்ப்ரேயர் 175 இந்த வரம்புக்குள் நிற்கிறது, அதனால்தான் அது ரீஜனல் உலகின் குதிரை. அதன் அடுத்த தலைமுறை இ2 எடை கூடியதால் அமெரிக்க ரீஜனல்களுக்குள் வரவே இல்லை. மந்தத்தில் முதலில் பாலைவனத்தில் நிறுத்திவைக்கப் போவது 50 இருக்கை விமானங்கள். முழுக்க 50 இருக்கை வைத்திருக்கும் கம்பெனி அழைத்தால் இரண்டு முறை யோசியுங்கள். மேஜர் ஃபர்லோ செய்தால் ரீஜனலின் பெரிய விமானங்களுக்குக் கட்டுப்பாடு விழும் என்ற விதி சில ஸ்கோப் பிரிவுகளில் உண்டு. அதையும் பாருங்கள்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்றால், பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 10-கே அறிக்கையில். ஸ்கைவெஸ்ட்டின் அறிக்கையில் எந்த மேஜருக்கு எத்தனை விமானம், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று அட்டவணையே இருக்கும். மேஜர்களின் அறிக்கையில் அவர்களுக்குப் பறக்கும் ரீஜனல்களின் விமானக் கணக்கு இருக்கும். ஒரு மாலை வேளை போதும். பைலட் லவுஞ்சில் பத்து வதந்தி கேட்பதை விட இது உருப்படியானது.

மூன்றாம் படி: மணிகளும் சான்றுகளும்

2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் பின்விளைவுதான் இன்றைய விதிகள் பலவும். 2007-ல் சுமார் 250 மணியோடு ரீஜனலில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். 2013 ஆகஸ்ட்டிலிருந்து வலது இருக்கைக்கும், அதாவது ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும், ஏடிபி என்ற ஏர்லைன் விமானிச் சான்று வேண்டும். வயது 23, மொத்தம் 1,500 மணி. அதில் 500 கிராஸ் கண்ட்ரி (வேறு ஊருக்குப் பறப்பது), 100 இரவு, 75 இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது), 50 மல்டி என்ஜின்.

கட்டுப்படுத்தப்பட்ட ஏடிபி என்று ஒரு குறுக்கு வழி உண்டு. 21 வயதில் வாங்கலாம். ராணுவ விமானிக்கு 750 மணி, அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் பட்டம் பெற்றவருக்கு 1,000, இரண்டாண்டு பட்டத்துக்கு 1,250. பட்டம் இல்லாவிட்டால் 1,500-தான், ஆனால் கிராஸ் கண்ட்ரி 200 போதும்.

பயிற்சியாளர்களாக இருப்பவர்களுக்கு மாட்டிக்கொள்ளும் இடம் மல்டி என்ஜின் மணி. ஒற்றை என்ஜினில் 1,400 மணி பறந்துவிட்டு மல்டியில் 18 மணியோடு நிற்பார்கள். கடைசி நேரத்தில் அதற்குக் கைக்காசு கரையும். 800 மணியைத் தாண்டும்போதே இதைக் கணக்குப் பாருங்கள்.

ஏடிபி எழுத்துத் தேர்வுக்கு முன் சிடிபி என்ற தயாரிப்பு வகுப்பு கட்டாயம்: 30 மணி வகுப்பறை, 10 மணி சிமுலேட்டர். நல்ல காலத்தில் கம்பெனியே செலவை ஏற்கும். மந்தத்தில் 'எழுத்துத் தேர்வு முடித்தவர்களுக்கு முன்னுரிமை' என்ற வரி விளம்பரத்தில் முளைக்கும். சில ஆயிரம் டாலர் செலவு. நேர்முகத்தேர்வு தேதி கைக்கு வரும்வரை நானாக இருந்தால் கட்ட மாட்டேன்.

முதல் வகுப்பு மருத்துவச் சான்றை இப்போதே எடுத்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு இதயத்துடிப்பில் ஒரு சந்தேகம் வந்து எஃப்ஏஏ-வின் பதிலுக்காகப் பல மாதம் காத்திருப்பது கொடுமை.

வெளிநாட்டிலிருந்து வந்து பறக்கக் கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான ரீஜனல்கள் கிரீன் கார்டோ குடியுரிமையோ இருப்பவர்களைத்தான் எடுக்கும். கனடா, மெக்சிகோ போய்த் தடையில்லாமல் திரும்ப வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். ஆள் பஞ்ச காலத்தில் சில ரீஜனல்கள் ஆஸ்திரேலியர்களை இ-3 விசாவில் அழைத்தன. மந்தத்தில் அந்த ஜன்னல்தான் முதலில் சாத்தப்படும்.

நான்காம் படி: உங்கள் பதிவேடு

கோல்கன் விமானத்தின் கேப்டன் முன்பு சில செக்ரைடுகளில் (பறக்கும் தேர்வுகளில்) தவறியிருந்தார். வேலைக்கு விண்ணப்பித்தபோது எல்லாவற்றையும் சொல்லவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் எஃப்ஏஏ நடத்தும் பிஆர்டி என்ற விமானிப் பதிவுத் தளம். 2024 செப்டம்பரிலிருந்து பழைய காகித முறை முழுதாக ஒழிந்து, எல்லாம் இதில்தான். உங்கள் சான்றுகள், தவறிய செக்ரைடுகள், எஃப்ஏஏ நடவடிக்கைகள், பழைய கம்பெனியின் பயிற்சிப் பதிவுகள், எப்படி வேலையை விட்டீர்கள் என்பது வரை.

நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் கம்பெனி அதைப் பார்க்க முடியும். கொடுக்காவிட்டால் வேலை இல்லை. எனவே அவர்களுக்கு முன் நீங்கள் பாருங்கள். தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். என் நண்பருக்கு ஒரு பழைய கம்பெனி 'பயிற்சி முடிக்காமல் விலகல்' என்று பதிந்திருந்தது. உண்மையில் வகுப்பையே அவர்கள்தான் ரத்து செய்திருந்தார்கள். திருத்துவதற்கு ஏழு வாரம் ஆனது. நேர்முகத்தேர்வு அதற்குள் போய்விட்டது.

லாக்புக், அதாவது பறந்த மணிகளின் பதிவேடு, பற்றி. பின்னாளில் நேர்முகத்தேர்வு மேசையின் மறுபக்கம் நான் உட்கார்ந்தபோது தெரிந்தது, லாக்புக்கைப் புரட்டும் விதம் எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் கடைசிப் பக்கம், கூட்டுத்தொகை. பிறகு விண்ணப்பத்தில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுவார்கள். பிறகு செக்ரைடு நாட்களைத் தேடுவார்கள். பத்துப் பேரில் இரண்டு பேருக்காவது எண் ஒத்துவராது. ஒரு பெண் செக்ரைடு பக்கங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள், பயிற்சியாளர் கையொப்பங்களில் நீலம் என்று ஒட்டி, முகப்பில் ஒரு தாளில் "பக்கம் 41-ல் 0.3 மணி கூட்டல் பிழை, பக்கம் 42-ல் திருத்தப்பட்டது" என்று எழுதி வைத்திருந்தார். அந்த 0.3-ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரிடம் வேறு எதையும் துருவிக் கேட்க எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

செக்ரைடில் தவறியதைச் சொல்லுங்கள். இரண்டு தோல்வி வேலையைக் கெடுக்காது. மறைத்த ஒன்று கெடுக்கும். என்ன தவறு, என்ன கற்றேன், அடுத்த முறை எப்படிப் போனது என்று மூன்று வாக்கியம். பரிசோதகரைக் குறை சொல்லத் தொடங்கினால் பேனா கீழே போய்விடும்.

ஐந்தாம் படி: நீங்கள் யார் என்று தெரிந்து விண்ணப்பியுங்கள்

மந்தகாலத்தில் வரிசையில் இரண்டு விதமான ஆட்கள் நிற்பார்கள்.

முதல்முறை வருகிற பயிற்சியாளருக்கு அனுபவம் குறைவு. ஆனால் இவர் தங்குவார் என்று கம்பெனி நம்பும். அதையே உங்கள் பலமாக்குங்கள். இளநிலை பேஸுக்கு வரத் தயார், வீடு மாறத் தயார் என்றால் சொல்லுங்கள். வகுப்பு தள்ளிப்போனால் சும்மா உட்காராதீர்கள். பார்ட் 135 (வாடகை, சிறு சரக்கு விமானங்களுக்கான விதிப்பிரிவு) சரக்கு வேலை பாருங்கள். 1,200 மணியில் அங்கே ஐஎஃப்ஆர் (கருவி விதிகளின்படி பறக்கும்) கேப்டனாகவே பறக்கலாம். அமெரிஃப்ளைட் போன்ற இடங்களில் இரவு மழையில் தனியாகப் பறந்தவரை நேர்முகத்தேர்வில் யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை.

ஃபர்லோ ஆகி வருகிறவருக்கு அனுபவம் நிறைய. ஆனால் "ரிகால் வந்தால் ஓடிவிடுவீர்களே" என்பது மேசைக்கு அந்தப் பக்கத்தின் சந்தேகம். இங்கேதான் முன்பு சொன்ன கேப்டன் பஞ்சம் கைகொடுக்கும். ஏர்லைன் கேப்டனாக அமர 1,000 மணி தகுந்த அனுபவம் வேண்டும் என்பது விதி. பார்ட் 121 (ஏர்லைன்களுக்கான விதிப்பிரிவு) ஃபர்ஸ்ட் ஆபீசராகப் பறந்ததும் அதில் சேரும், பார்ட் 135-ல் ஏடிபி சான்று தேவைப்படும் வகைப் பறப்பில் கேப்டனாகப் பறந்ததும் சேரும். 2022, 23-ல் மேஜர்கள் ரீஜனல் கேப்டன்களை அள்ளிக்கொண்டு போனபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த ஆயிரம் இன்னும் நிரம்பவில்லை. கேப்டன் இல்லாமல் விமானம் பறக்காது, விமானம் பறக்காமல் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணி சேராது. அந்த முடிச்சை அவிழ்க்க நேரடி கேப்டன்களை, அதாவது சேரும்போதே கேப்டனாக அமரக்கூடியவர்களை, தேடினார்கள். உங்களிடம் அந்த ஆயிரம் இருந்தால் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அது தெரிய வேண்டும்.

சில கம்பெனிகள் பழைய இடத்துச் சீனியாரிட்டியை எழுத்தில் ராஜினாமா செய்யச் சொல்லும். கையெழுத்துப் போடும் முன் பழைய ஒப்பந்தத்தில் ரிகால் உரிமை எத்தனை ஆண்டு, உங்களுக்கு மேலே எத்தனை பேர் ஃபர்லோவில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மேலே முப்பது பேர் என்றால் நான் ராஜினாமா செய்ய மாட்டேன். எண்ணூறு பேர் என்றால் செய்துவிடுவேன். நடுவில் இருப்பவர்களுக்கு என்னிடம் சூத்திரம் இல்லை. யூனியன் பிரதிநிதியிடம் பேசுங்கள், வீட்டில் பேசுங்கள்.

ஆறாம் படி: நேர்முகத்தேர்வு

தொழில்நுட்பக் கேள்விகள் எதிர்பார்த்தவையே. ஒரு அப்ரோச் பிளேட்டை (இறங்கும் வழி வரைபடத்தை) கொடுத்து விளக்கச் சொல்வார்கள். மெட்டார், டாஃப் என்ற வானிலைக் குறிப்புகளைப் படிக்கச் சொல்வார்கள். மாற்று விமான நிலையம் எப்போது தேவை என்பார்கள். சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்பின், மேகமட்டம் 2,000 அடி, பார்வைத்தூரம் 3 மைல் என்பது வாயில் நிற்க வேண்டும். சிமுலேட்டர் இருந்தால் ஆட்டோபைலட் இல்லாமல், ஃபிளைட் டைரக்டர் இல்லாமல் ஒரு ஐஎல்எஸ் (கருவி வழி இறக்கம்).

ஆனால் பலரைத் தள்ளிவிடுவது "கேப்டனோடு ஒத்துப்போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்" போன்ற கேள்விகள்தான். மந்தகாலத்தில் இதோடு ஒன்று சேரும்: "எங்கள் கம்பெனியும் ஃபர்லோ செய்தால்?" பயப்படவில்லை என்று வீரம் பேசினால் பொய் என்று தெரியும். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது, பயிற்சியாளர் சான்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், ரிகால் வந்தால் திரும்புவேன் என்று சொன்ன ஒருவருக்கு எங்கள் மேசையில் மூன்று பேரும் ஒரே மதிப்பெண் போட்டோம்.

ஏழாம் படி: கைக்கு வந்த கடிதம் வேலை அல்ல

தேர்வானால் வருவது நிபந்தனையுடன் கூடிய அழைப்பு. அதற்குப் பிறகு 'பூல்' என்ற குளம். வகுப்புத் தேதி வரும்வரை அதில் மிதக்க வேண்டியதுதான். ஒரு கம்பெனி என் மாணவர் ஒருவருக்கு வகுப்பை மூன்று முறை தள்ளிவைத்தது. அவர் முதல் கடிதத்தைப் பார்த்ததுமே பயிற்சிப் பள்ளி வேலையை விட்டிருந்தார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. வகுப்புத் தேதியும் பயிற்சி மையத்துக்கான பயணச்சீட்டும் மின்னஞ்சலில் வந்த பிறகு வேலையை விடுங்கள். இரண்டு கம்பெனி அழைத்தால் முந்தைய தேதிக்கு எடை அதிகம், ஆனால் இரண்டாம் படியில் பார்த்ததை மறந்துவிட்டல்ல.

பணக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 90 டாலர், மாதத்துக்கு 75 மணி உத்தரவாதம் என்றால் 6,750 டாலர், பிடித்தங்களுக்கு முன். மந்தத்தில் ரிசர்வில் (கம்பெனி அழைப்புக்குக் காத்திருக்கும் பணியில்) உட்கார்ந்திருப்பீர்கள், உத்தரவாதத்துக்கு மேல் வராது. கோல்கனின் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆண்டுக்கு 16,000 டாலர் அளவில் வாங்கிய காலத்தை நினைத்தால் இது மலை. ஆனால் வேறு ஊர் பேஸ், கிராஷ்பேட் (விமானிகள் பகிர்ந்து தங்கும் இடம்) வாடகை, ஜம்ப்சீட் (வீடு திரும்ப விமானத்தில் கிடைக்கும் உபரி இருக்கை) கிடைக்காத இரவுகளில் ஓட்டல் என்று கழித்துப் பாருங்கள்.

பயிற்சி ஒப்பந்தமும் போனஸும் இருந்தால் ஒரே கேள்வி: "நீங்களே என்னை ஃபர்லோ செய்தால், நான் பணம் திருப்பித் தர வேண்டுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் கேட்க மாட்டோம்" என்று சொன்ன ஆட்சேர்ப்பு அதிகாரியே அடுத்த மாதம் அங்கே இருக்க மாட்டார்.

எட்டாம் படி: பயிற்சி, பிறகு அந்த நூறு மணி

வகுப்பறை, சிஸ்டம்ஸ், சிமுலேட்டர், செக்ரைடு. இவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மந்தகாலத்துக்கே உரிய பொறி அதற்குப் பிறகு வருகிறது.

டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்துக்கான சான்று) கிடைத்ததும் பரிசோதனை கேப்டனோடு குறைந்தது 25 மணி விமானத்தில் பறப்பீர்கள். அதையும் சேர்த்து, செக்ரைடு முடிந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் 100 மணி பறந்து முடிக்க வேண்டும். இதைக் கன்சாலிடேஷன் என்பார்கள். முடியாவிட்டால் நீட்டிப்பு, மறுபரிசோதனை என்று இழுக்கும். விமானங்கள் நிறையப் பறக்கும் காலத்தில் இது ஒன்றுமில்லை. பறப்பு குறைந்த காலத்தில் ரிசர்வில் போன் அடிக்காது. என் வகுப்புத் தோழர் 71 மணியில் நின்றபோது ஃபர்லோ வந்தது. அடுத்த இடத்தில் "ஜெட் அனுபவம் 71 மணி" என்பதை விளக்கவே அவருக்குப் பாதி நேர்முகத்தேர்வு போனது.

ஆகவே முதல் வாரத்திலேயே கால அட்டவணைப் பிரிவுக்குப் போன் செய்து நீங்கள் நூறு மணி முடிக்காத ஆள் என்று சொல்லுங்கள். திறந்திருக்கும் பயணங்களை எடுங்கள், யாரும் விரும்பாத ஞாயிறு இரவுப் பயணம் உட்பட. அறுபதாம் நாளில் ஐம்பது மணி இல்லையென்றால் பேஸின் தலைமை விமானியைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், உங்கள் பயிற்சிக்குச் செலவழித்த பணம் வீணாவதை அவரும் விரும்ப மாட்டார்.

உங்களுக்கே கடிதம் வந்தால்

பெருமளவு ஆட்குறைப்புக்கு அறுபது நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்குச் சட்டம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் செய்யவேண்டியவை: மருத்துவச் சான்றைப் புதுப்பியுங்கள், பல் வைத்தியம் வரை காப்பீட்டில் முடித்துக்கொள்ளுங்கள், பயிற்சிப் பதிவுகளின் நகலை வாங்கி வையுங்கள். வேலையின்மை உதவித்தொகை வழக்கமாக வீடு இருக்கும் மாநிலத்தில் அல்ல, பேஸ் இருக்கும் மாநிலத்தில்தான்; சம்பளப் பிரிவில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். கோப்ரா திட்டத்தில் பழைய காப்பீட்டை 18 மாதம் வரை முழுத் தொகையும் நீங்களே கட்டித் தொடரலாம். சேர்வதா என்று முடிவெடுக்க 60 நாள் உண்டு, சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே செல்லும். எனவே வேறு வேலை கிடைக்கும் என்று தோன்றினால் அந்த 60 நாளை அவசரமில்லாமல் பயன்படுத்தலாம்.

முகவரி மாறினால் கம்பெனிக்கும் யூனியனுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ரிகால் கடிதத்துக்கு ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால் எண் போய்விடும். இப்போது வரவில்லை, அடுத்த முறை வருகிறேன் என்று தள்ளிவைக்கும் உரிமை பல ஒப்பந்தங்களில் உண்டு, ஆனால் அதையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். என் ரிகால் கடிதம் நான் காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டுக்குத்தான் போனது. அங்கே புதிதாகக் குடிவந்தவர் உறையின் மேலிருந்த விமானப் படத்தைப் பார்த்து, ஏதோ முக்கியம் போலிருக்கிறது என்று வீட்டு உரிமையாளரிடம் என் எண்ணை வாங்கி அழைத்தார். பதில் சொல்ல நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது.